நாலு கியர் பின்னாடி, ஒரு கியர் முன்னாடி

இங்கிலாந்தில் செய்த காரை இங்கிலாந்துக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னது. வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியலாம். ஊருக்கு அவர் 'ஒரிஜினல் பாய்'. ஃபேன் பெல்ட் கேட்டு யாராவது வந்தால், பெல்ட்டை மேஜைமேல் வைப்பதற்கு முன்னால் 'ஒரிஜினல்' என்ற சொல்லை வைப்பார். சைக்கிள் டியூபுக்கு வால்வு மூடி கேட்டால்கூட, "ஒரிஜினலுங்க, நேரா கம்பெனிலேர்ந்து வருது" என்பார். வால்வு மூடியில் டூப்ளிகேட் செய்து எவன் பிழைக்கப் போகிறான் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

நான் அப்போது அந்தக் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் அம்மாவோடு குடியிருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஏழு வருஷமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தால், "இன்னாப்பா, இன்னும் வரலியா?" என்பார்கள். பாய் மட்டும் "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக்கும் என்று முதல் வருஷம் முழுக்கக் கோபித்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மனிதருக்குக் கிண்டல் என்பதே வராது.

அதற்கு ஒரு சாட்சி உண்டு. வடக்கனந்தலில் ஒரு பண்ணைக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பழைய ஆஸ்டின் கார் ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. மேலே வைக்கோல், உள்ளே கோழி. பாய் அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், கல்யாணத்தை விட்டுவிட்டுக் காரைப் பார்த்துவிட்டு வந்தார். விலை பேசி முடித்து, லாரியோடு எடுக்கப் போனபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியத் தூக்கி அப்பால வச்சிட்டு எடுத்துக்கினு போங்க பாய்" என்றார் பண்ணைக்காரர்.

"அத்த எப்பிடிங்க தூக்கறது? எடம் மாத்துனா அடை கெட்டுப்பூடும். உக்காந்து எத்தினி நாளாச்சு?"

"அஞ்சாறு நாள் இருக்கும்."

"அப்ப பாஞ்சி நாள் கழிச்சி வரேன்."

லாரி வெறும் லாரியாகத் திரும்பியது. பதினைந்து நாள் கழித்துப் போய், தாய்க்கோழியும் பதினொரு குஞ்சுகளும் இறங்கின பிறகுதான் காரை ஏற்றிக்கொண்டு வந்தார். லாரிக்காரர் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பாய்க்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கார் வந்து கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் நின்றது. அதற்கப்புறம் மூன்று வருஷம் அது அங்கேயே நின்றது. பாய் மெக்கானிக் இல்லை. சாமான் விற்பவர். ஆனால் மெக்கானிக் யாரையும் வண்டிப் பக்கம் அண்ட விடமாட்டார். "வித்தவனுக்குத் தெரியாததா மாட்டுறவனுக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்பது அவர் கட்சி.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்தக் காலத்து லண்டன் சாமானாகவே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இந்தக் காலத்துச் சாமானாக இருக்கலாம். அதன்படி மரப்பிடி போட்ட ஸ்டீயரிங், வட்ட வட்டமான மீட்டர்கள், தவளைக் கண் மாதிரி துருத்திய விளக்குகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். பானட்டைத் திறந்தால் உள்ளே டெம்போவின் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டர் டிராக்டரோடது. கியர்பாக்ஸ் ஜீப்பில் இருந்து வந்தது. "வெளிய பாத்தா லண்டன், தொறந்து பாத்தா கள்ளக்குறிச்சி" என்று டீக்கடைக்காரர் சொன்னதை, பாய் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பாயம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "வூட்டு மனுசி இடுப்பு வலின்னா காதுல வுழாது. அந்தத் தகரத்துல ஒரு கீறல் வுழுந்துட்டா மனுசனுக்கு சோறு எறங்காது" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லுவார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய் எதிரே வந்து, "கொஞ்சம் பழந்துணி இருந்தா குடேன்" என்று கேட்பார். பாயம்மா திட்டிக்கொண்டே போய் எடுத்துவந்து கொடுப்பார். அது தினமும் நடப்பது.

அந்தக் காலத்து லண்டன் கார்களில் திரும்புவதற்கு மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீட்டிக்கொள்ளும். இந்தக் காரில் அந்தக் கை இருந்தது, அதை ஆட்டும் மோட்டார் செத்துவிட்டது. பாய் யோசித்து, பஸ்ஸின் வைப்பர் மோட்டாரை உள்ளே பொருத்தினார். வைப்பர் மோட்டாருக்கு ஒருமுறை நீட்டிவிட்டுச் சும்மா இருக்கத் தெரியுமா? சுவிட்சைப் போட்டதும் கை பட்டென்று வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வந்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"இன்னாய்யா இது?"

"சிக்னல் சார்."

"வண்டி நிக்குதேய்யா!"

"நிக்கிற வண்டி நாளைக்குத் திரும்பாதுங்களா சார்?"

கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு, அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு வேலை வந்தது. பதிவுத் தபாலில் உத்தரவு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளி, இடைநிலை ஆசிரியர். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் நியமனம் தானாகவே ரத்து. தபாலைப் பிரித்த அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள். அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில், நல்ல நாளாக மிஞ்சியது பதினைந்தாவது நாள்தான். ஏழு வருஷம் பொறுத்தவன் இரண்டு வாரம் பொறுக்கமாட்டாயா என்றாள். நானும் மண்டையை ஆட்டினேன். என்னைவிடப் பெரிய முட்டாள் அன்றைக்குத் தென்னாற்காட்டில் இருந்திருக்க மாட்டான்.

பன்னிரண்டாவது நாள் சாலை மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊருக்கு ஊர் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டு ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சின்னசேலத்துக்குப் போனவர்கள் நடந்து திரும்பினார்கள். சைக்கிளில் போனவர்களின் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். நான் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த உத்தரவு போனால் இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவள் பஞ்சாங்கத்தை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் பாய் ரோட்டைக் கடந்து வந்தார்.

"வாத்தியாரே, கவலப்படாத. வண்டி கெளம்பிடும். பின் ஆக்ஸில் ஒண்ணுதான் பாக்கி. நாளான்னைக்கி காலைல நானே மலமேல கொண்டாந்து வுட்டுடறேன்."

மூன்று வருஷமாக நகராத காரை நம்பி யார் போவார்? நான் நம்பினேன். வேறு எதுவும் இல்லாதவனுக்கு நம்புவது சுலபம். கடை எப்படியும் அடைத்திருந்ததால் பாய் இரண்டு நாளும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ஜீப்பின் பின் ஆக்ஸில் ஒன்று வைத்திருந்தார். அதில் நடுவில் இருக்க வேண்டிய உருண்டை கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி இருந்தது. இன்ஜினிலிருந்து வரும் தண்டு அதோடு நேராகச் சேரவில்லை. பாய் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆக்ஸிலை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். உருண்டை இடதுபக்கம் வந்தது, தண்டு அச்சாக அதில் போய் உட்கார்ந்தது. "தோ பாத்தியா! லண்டன்காரனுக்கு இது தோணியிருக்குமா?" என்று எழுந்து நின்று கேட்டார். தோணியிருக்காது.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணி. தெருவே கூடியிருந்தது. அம்மா சூடம் கொளுத்தினாள், பாய் பிஸ்மில்லா சொன்னார். நான் தகரப்பெட்டியும் உத்தரவுமாக முன்சீட்டில் உட்கார்ந்தேன். இன்ஜின் ஒரே உறுமலில் கிளம்பியது. பாய் முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் போய்க் கடையின் டயர் அடுக்கில் இடித்து நின்றது.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். கியரை எடுத்து இரண்டாவதைப் போட்டார். டயர்கள் ஒவ்வொன்றாக உருண்டு தெருவுக்கு வந்தன. வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போகப் பார்த்தது. கடைசியில் ரிவர்ஸைப் போட்டுப் பார்த்தார். முக்கி முனகிக்கொண்டு வண்டி முன்னால் நகர்ந்தது.

பாய் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்மேல் கையை வைத்தார். "ஆக்ஸில கவுத்துட்டேன்ல... சக்கரம் மாறி சுத்துது" என்றார், ரொம்ப மெதுவாக.

"திருப்பிப் போட எவ்ளோ நேரமாவும் பாய்?"

"ஒரு நாளாவும்."

எனக்கு ஒரு நாள் இல்லை. ஏழு மணி நேரம்தான் இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். பாய் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க எறங்கற? முன்னாடி போவ ஒரு கியர் கீது, பின்னாடி போவ நாலு கியர் கீது. முன்னாடி போனா நடக்கிற வேகந்தான். சீக்கிரம் போவணும்னா பின்னாடியே போவ வேண்டியதுதான்."

"வெள்ளிமலைக்கா?"

"மலையடிவாரம் வரிக்கும் பின்னாடி. மல ஏறத்துக்கு முன்னாடி. ஏத்தத்துக்கு அந்த ரிவர்ஸ் கியர்தான்யா வாகு."

நான் பதில் சொல்வதற்குள் வண்டியைத் திருப்பி, அதன் முதுகைக் கச்சிராயபாளையத்துப் பக்கமாக வைத்துவிட்டார். பிறகு இடதுகையை என் சீட்டின்மேல் போட்டு, கழுத்தை இடதுதோளுக்கு மேலாக முழுக்கத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்து, முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றினார். தெரு எங்களைவிட்டு முன்பக்கமாக விலகிப்போனது. அம்மா முன்கண்ணாடிக்கு நேர் எதிரே சூடத்தட்டோடு நின்று, சின்னதாகி, மறைந்தாள்.

வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் நான் போகும் இடத்தைப் பார்க்காமல், விட்டுவந்த இடத்தையே பார்த்துக்கொண்டு பயணம் செய்தேன். வழியில் மாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

வடக்கனந்தலுக்கு முன்னால் முதல் மறியல். ஒரு பெரிய புளியங்கிளை ரோட்டை அடைத்துக் கிடந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐம்பது அறுபது பேர். பாய் வண்டியை நிறுத்தினார். இளவட்டம் ஒருத்தன் ஓடிவந்தான்.

"வண்டி எதுவும் போவக்கூடாது. திருப்பிக்கினு போ பாய்!"

"அதான் திருப்பித்தானப்பா நிக்கிது" என்றார் பாய். கிண்டல் இல்லை. அவருக்கு அது வராது என்று முன்னமே சொன்னேன்.

அவன் வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். கரும்பு விவசாயி, அந்தப் பகுதி மறியலுக்கு அவர்தான் பொறுப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. நடந்ததை எல்லாம் பாய் ஒளிக்காமல் சொன்னார், ஆக்ஸிலைக் கவிழ்த்தது உட்பட. பெரியவர் என் கையிலிருந்த உத்தரவை வாங்கிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அமைதியாகக் கேட்டார்கள்.

"இந்த மாதிரி ஒரு காயிதம் எங்க புள்ளைங்களுக்கும் வரணும்னுதான்யா நாங்க ரோட்டுல குந்திக்கினு கீறோம்" என்றார் பெரியவர். "எப்ப வந்துச்சு இது?"

"ரெண்டு வாரமாச்சுங்க."

"ரெண்டு வாரமா இன்னா புடுங்கிக்கினு இருந்த?"

"அம்மா நல்ல நாள் பாத்தாங்க."

பெரியவர் என்னைத் திட்டிய திட்டை வாரப்பத்திரிகையில் எழுத முடியாது. ஒரு வேலையின் மதிப்பு என்ன என்று அன்றைக்கு அந்தப் புளியங்கிளைக்குப் பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. இன்றுவரை அந்தத் திட்டுக்கு நான் கோபப்பட்டதில்லை. திட்டி முடித்துவிட்டு, "கெளைய நவுத்துங்கடா" என்றார். இருபது பேர் சேர்ந்து தூக்கினார்கள். பாய் வண்டிக்குள் ஏறியதும் பெரியவர் குனிந்து சொன்னார்:

"பின்னாடியே போ பாய். நேரா போனா அடுத்த ஊருல காத்த புடுங்கிடுவானுங்க. பின்னாடி போற வண்டியப் பாத்தா சிரிச்சிட்டு வுட்டுடுவானுங்க."

அப்படியேதான் நடந்தது. இன்னும் இரண்டு இடத்தில் சிரித்தார்கள், மரத்தை நகர்த்தினார்கள். ஓரிடத்தில் மோர் கொடுத்தார்கள். வடக்கனந்தல் பண்ணைக்காரர் வாசலில் நின்று, "இன்னா பாய், வண்டியத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?" என்று கத்தினார். பாய் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பினால் ரோடு போய்விடும்.

கோமுகி அணைக்குப் பக்கத்தில், மலை ஏறுகிற இடத்தில் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டு. வண்டியை நேராகத் திருப்பியாகிவிட்டது. பாய் மட்டும் திரும்பவில்லை.

"வாத்தியாரே, கழுத்து மாட்டிக்கிச்சு."

முகம் இடதுபக்கம், என்னைப் பார்த்தபடி நின்றுவிட்டது. நான் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். "யா அல்லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இன்னும் மூணு மணி நேரம் கீதுல்ல? நீ ரோட்டப் பாத்துச் சொல்லு. நான் ஓட்டறேன்" என்றார்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ரிவர்ஸ் கியர் ஏற்றத்தில் தானாக நழுவி வெளியே வந்தது. அதை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படி, கியரைப் பிடித்துக்கொண்டு நான் ரோட்டைப் பார்க்க, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாய் என்னைப் பார்க்க, லண்டன் கார் கல்வராயன் மலை ஏறியது. நடக்கிற வேகம்தான். அதனால்தான் பிழைத்தோம்.

"ரோடு எப்பிடிக் கீது?"

"இடது பக்கம் வளைவு வருது பாய்."

"பெருசா, சின்னதா?"

"நடுத்தரம்."

"ரோட்டுல ஏதுய்யா நடுத்தரம்? ஒடிக்கணுமா, லேசா வளைக்கணுமா? நாளைக்கிப் புள்ளைங்களுக்கும் இப்பிடித்தான் சொல்லித்தருவியா?"

பாதி மலையில் மணி மூன்றரை ஆனது. கையில் தோல் உரிந்திருந்தது. அம்மா, பஞ்சாங்கம், அந்தப் பெரியவர், ஏழு வருஷம் எல்லாம் சேர்ந்து கண்ணில் வழிந்தன. முகத்தை மறைக்கவும் வழியில்லை. அவருக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

"ஏன் வாத்தியாரே அழுவுற?"

"அழல பாய். தூசி."

"மழ பேஞ்ச மலைல ஏது தூசி? வேல கெடச்சிதுன்னு அழுவுறியா, போயிடும்னு அழுவுறியா?"

"தெரியல பாய்."

"செரி, ரெண்டுக்கும் சேத்து அழு. வளைவு வந்தா மட்டும் நிறுத்திட்டுச் சொல்லு."

நாலே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். தலைமை ஆசிரியர் பதிவேட்டை அலமாரியில் வைக்கப் போய்க்கொண்டிருந்தார். உரிந்த கையால் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. ஆனாலும் செல்லும் என்றார். விடுதிச் சமையல்கார அம்மா உப்பை வறுத்து மூட்டை கட்டிப் பாயின் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தார். விடுதிப் பிள்ளைகள் காரைச் சுற்றிவந்து ஒவ்வொரு சாமானாகக் காட்டிக் கேட்டார்கள். பாய் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு, "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறியல் முடிந்த பிறகு காரை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், அவர் ஆக்ஸிலைச் சரியாகத் திருப்பிப் போட்டார். கார் நன்றாகவே ஓடியது. பாயின் கழுத்து நேராக மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் அவருக்கு இடதுபக்கம் போய் நின்று சாமான் கேட்டார்களாம். பாயம்மா இதைச் சொல்லித் திட்டிக்கொண்டே எனக்கு டீ கொடுத்தார்.

அந்த மலையிலும் கீழேயுமாக முப்பத்தொரு வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றேன். கடைசி நாளில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் நிறுத்தி வைத்து எவ்வளவோ பேர் என்னைப் பார்த்துப் பேசினார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த மலைப்பாதையில் ஒரிஜினல் பாய் என்னைப் பார்த்துக்கொண்டே வந்த மாதிரி, என் சொந்தக்காரர்கள்கூட என்னைப் பார்த்ததில்லை.